யோபுவும் யாழ்ப்பாணமும்

குற்றமற்றவன் ஏன் துன்புற வேண்டும்? இவ்வினா பாதிரிமாரோடு யாழ்ப்பாணம் வந்ததன்று. அவர்கள் வருமுன்னரே சைவம் அதற்கு விடை வைத்திருந்தது. இப்பிறப்பில் குற்றம் காணாவிடத்து முற்பிறப்பின் வினையைக் காண்க என்பதே அவ்விடை.

1840களில் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். 1850இல் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. விவிலியத்தின் பகுதியாகிய யோபுவின் சரிதத்தில் இதே வினா நாற்பத்திரண்டு அதிகாரங்களுக்கு நீள்கிறது. யோபு நேர்மையாளன். ஒரே நாளில் செல்வத்தையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்தான். பின்னர் உடலெங்கும் பருக்கள் எழுந்தன. துக்கம் விசாரிக்க வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் பேசாது உடனிருந்தனர். அவர்கள் செய்த நன்மை அவ்வளவே. பின்னர் வாய்திறந்து, நீ பாவம் செய்திராவிடில் இது வந்திராது என்று வாதிட்டனர். சாவீட்டில் காரணம் கூறுவோரை யாழ்ப்பாணத்தாரும் நன்கறிவர். முடிவில் இறைவன் கடிந்துகொண்டது, தமக்காகப் பரிந்து பேசிய அந்நண்பரையே.

யோவான் எழுதிய சுவிசேஷத்திலும் ஓரிடமுண்டு. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என வினவுகின்றனர். பிறக்குமுன் செய்த பாவமா என்று கேட்பது போன்ற இக்கேள்வி சைவருக்குப் புதிதன்று. இயேசு இரண்டையும் மறுத்தார். ஆயினும் பின்வந்த அகுஸ்தீன் (354-430), குழந்தைகளின் துன்பத்துக்கு ஆதாமின் பாவத்தையே காரணமாக்கினார். பிறப்புக்கு முந்திய குற்றம் என்ற அளவில் அது வினைக்கொள்கையின் அயலிலேயே நிற்கிறது.

1995 யூலை 9ஆம் நாள் நவாலியில் இவ்விடைகள் யாவும் சோதனைக்குள்ளாயின. இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சுற்றுப்புறத்திலும் தங்கியிருந்தனர். விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தன. குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சைவரும் கிறிஸ்தவரும் அவர்களுள் இருந்தனர். இதனை ஊழ் என்றோ இறைசித்தம் என்றோ கூறுவது, குண்டு போட்டவரின் பொறுப்பை மறைத்துவிடும்.

மனிதன் செய்யாத துன்பமும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் பெருகி வடமராட்சிக் கரையை அழித்தபோது குற்றஞ்சாட்ட எவருமில்லை. உலகப் போரில் இளைஞனாய்ச் சிறைப்பட்ட ஜெர்மானிய இறையியலாளர் மோல்ட்மன், 1972இல் வெளியிட்ட நூலில், கடவுள் துன்பத்தைத் தொலைவில் நின்று பார்ப்பவரல்லர், சிலுவையில் தாமே அதனை ஏற்றவர் என்று வாதிட்டார். இது துணையைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை.

கடல் பெருகிய மூன்றாம் நாள், டிசம்பர் 28, ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூரும் நாள். அந்தக் கொலையை எழுதும் மத்தேயு, ஆறுதலை ஏற்க மறுத்து அழும் தாயொருத்தியைக் காட்டுகிறார். அவர்கள் ஏன் இறந்தனர் என்று அவர் எழுதவில்லை.