இழந்த கோப்பும் மீட்கும் உரிமையும்

கணினிகள் பல வலையமைப்பினால் இணைக்கப்பட்ட காரியாலயமொன்றிலே, உத்தியோகத்தர் ஒருவர் தம் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டால், காப்புப் பிரதியிலிருந்து அதனை மீட்டுத் தருமாறு பொறுப்பாளரை நாடுவது பெருவழக்கு. பிரதிகள் யாவும் ஓரிடத்தில் இருப்பதால், அவ்விடத்தை எல்லோர்க்கும் திறந்துவிட்டால் ஒருவரின் அந்தரங்கம் மற்றவர் கைக்குப் போய்விடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம்.

அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தார், 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிய 'பிளான் 9' என்னும் இயக்க முறைமையில் இதற்கு எளிய வழியொன்றை வகுத்தனர். நாள்தோறும் அதிகாலை 5 மணிக்கு, முன்னைய பதிவின் பின் மாறியவை அனைத்தும், ஒருமுறை எழுதினால் அழிக்கவியலாத ஒளித்தட்டுகளிற் பதியப்பட்டன. கோப்பை இழந்தவர், வேண்டிய நாளுக்குரிய அடைவைத் திறந்து, அதனைத் தாமே படியெடுத்துக்கொள்ளலாம். பொறுப்பாளரின் தயவு வேண்டியதில்லை. பதிவு நேரத்திலே கோப்பைப் படிக்க எவருக்கு அனுமதி இருந்ததோ, பிரதியைப் படிக்கவும் அவருக்கே அனுமதி உண்டு. பிரதியை மாற்றவோ எவராலும் இயலாது.

இவ்வுறுதியிலேயே ஓர் இடரும் மறைந்துள்ளது. இரகசியக் கடிதமொன்றை ஒருவர் மறதியாற் பிறர் பார்வைக்குத் திறந்து வைத்து, மறுநாள் அதனை மூடினாலும், முதல்நாட் பிரதி திறந்தபடியே நிற்கும். ஆகவே, மீட்கும் உரிமையைப் பயனரிடம் ஒப்படைப்போர், பிரதி எடுப்பதற்கு முன்னரே அனுமதிகளைச் சீர்செய்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அன்றோ அறிவுடைமை?