ஓர் ஊருக்குள் அடங்கிய லைக்கன்

கலிபோர்னியாவின் மத்தியக் கடற்கரையில், மோரோ விரிகுடாவை ஒட்டி லாஸ் ஓசோஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல் காற்று குவித்துவைத்த பழைய மணல்மேடுகள்தான் ஊரின் அடித்தளம். அந்த மணலில் வளரும் புதர்களின் கிளைகளில், சிக்குப் பிடித்த நூல்போல மெல்லிய இழைகளாய் ஒரு லைக்கன் ஒட்டிக்கொண்டிருக்கும். சல்கேரியா ஐசிடீஃபெரா என்பது அதன் அறிவியல் பெயர். கனடா நாட்டு லைக்கன் அறிஞர் இர்வின் புரோடோ 1986-இல் இதைப் புதிய இனமாக விவரித்தார். லாஸ் ஓசோஸ் வட்டாரத்தைத் தாண்டினால் அநேகமாக இதைப் பார்க்க முடியாது. இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு லைக்கன்கள் இமயமலையில்கூட உண்டு. இந்த ஒன்று மட்டும் ஓர் ஊருக்குள் அடங்கிவிட்டது.

லைக்கன் செடி அல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடும்பம் அது. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும். பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் கொடுக்கும். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். அதுவும் இந்த லாஸ் ஓசோஸ் இழையும் பார்மீலியேசி என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மரப்பட்டையில் வளர்வதால் இது மரத்தை உறிஞ்சுகிறது என்று நினைக்க வேண்டாம். பட்டை இதற்கு வெறும் இருப்பிடம். வேர் கிடையாது. காற்றிலுள்ள ஈரத்தை உடல் முழுவதாலும் வாங்கிக்கொள்ளும். ஈரம் இல்லையென்றால் காய்ந்து, இயக்கத்தை நிறுத்திக்கொண்டு கிடக்கும். மறுபடி நனைந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். இந்தக் கரையில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடையில் குளிர்ந்த கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனிதான் கரையோர லைக்கன்களுக்குத் தண்ணீர். ஆனால் மூடுபனி அந்தக் கரை நெடுகிலும் இருக்கிறதே, இது ஏன் ஓர் ஊரில் மட்டும்?

முழு விடை யாரிடமும் இல்லை. ஒரு பகுதி இதன் இனப்பெருக்க முறையில் இருக்கிறது. பல லைக்கன்களில் பூஞ்சை நுண்ணிய வித்துகளைக் காற்றில் விடும். அவை வெகுதூரம் போகும். ஆனால் போன இடத்தில் பொருத்தமான பாசி கிடைத்தால்தான் லைக்கன் உருவாகும். இந்த இனம் பெரிதும் நம்பியிருப்பது இழைகளின் மேல் முளைக்கும் முள் போன்ற சின்னஞ்சிறு துணுக்குகளை. ஐசிடியம் என்பார்கள். ஒவ்வொரு துணுக்கிலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே இருக்கும். உடைந்து விழுந்து பக்கத்துக் கிளையில் தங்கினால் அப்படியே வளரலாம். துணையைத் தேடும் சிக்கல் இல்லை. ஆனால் துணுக்கு வித்தைவிடப் பெரியது, கனமானது. பக்கத்துப் புதர் வரை போகும். ஊர் தாண்டிப் போவது அபூர்வம்.

இன்னொரு பகுதி புதர்களின் வயதில் இருக்கிறது. லைக்கன் மெல்ல வளர்வது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத முதிர்ந்த கிளை அதற்கு வேண்டும். அங்கேதான் ஒரு விசித்திரமான முரண்பாடு வருகிறது. இந்தப் புதர்க்காடு தீக்குப் பழகியது. அங்கே வளரும் மோரோ மான்சனிடா என்ற புதரும் உலகில் வேறெங்கும் இல்லாதது. 1994 முதல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. தீயில் கருகினால் அதன் அடிக்கட்டை துளிர்க்காது. மண்ணில் புதைந்த விதைகள்தான் தீக்குப் பிறகு முளைத்துத் தலைமுறையைத் தொடர வேண்டும். தீயே வராமலிருந்தால் புதர்கள் கிழண்டுபோகும், இளங்கன்று இராது. லைக்கனுக்கோ தீ என்றால் எல்லாம் முடிந்தது. மண்ணுக்குள் சேமித்த விதை என்று எதுவும் அதற்குக் கிடையாது. எரியாமல் தப்பிய புதரிலிருந்து துணுக்கு வந்து விழ வேண்டும், அது விழும்போது புதிய கிளைகள் போதிய அளவு முதிர்ந்திருக்க வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற மூட்டும் தீ மற்றொன்றைக் கொன்றுவிடக்கூடும். நிலப்பரப்பு பெரிதாக இருந்தால் ஒரு பக்கம் எரிய மறுபக்கம் தப்பும். காலப்போக்கில் கணக்கு சரியாகிவிடும். துண்டு துண்டாக மிஞ்சிய காட்டில் அந்த வசதி இல்லை.

துண்டாக்கியது வீடுகள். தீ பரவாமலிருக்க வீட்டைச் சுற்றிப் புதர்களைக் கழிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதில் முதலில் போவது காய்ந்த கிளைகள் நிறைந்த கிழட்டுப் புதர்கள்; அவைதான் லைக்கனின் வீடு. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு காடாவது மிஞ்சியதில் சாக்கடைக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. லாஸ் ஓசோஸ் வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளால் நிலத்தடி நீரில் நைட்ரேட் கூடியது. அதனால் 1988-இல் ஊரின் பெரும்பகுதியில் புதுக் கட்டடங்களுக்குத் தடை வந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது 2016-இல்தான். இடைப்பட்ட காலத்தில் கட்டப்படாத மனைகளில் புதர்கள் பாட்டுக்கு நின்றன.

அதே 2016-இல் கலிபோர்னியா வேறொரு லைக்கனுக்கு மாநிலச் சின்னம் என்ற பெருமையைத் தந்தது. ஓக் மரங்களிலிருந்து வலைபோலத் தொங்கும் ரமலினா மென்சியெசி அது. அமெரிக்காவில் லைக்கனைச் சின்னமாக்கிய முதல் மாநிலம் கலிபோர்னியாதான். எங்கும் தென்படுவதற்குச் சின்னம் கிடைத்தது. ஓர் ஊரில் மட்டும் உள்ளதற்குக் கிடைத்தது, அம்மாநிலத்தின் அரிய தாவரங்கள் வரிசையில் 1பி.1 என்ற தரம். கடும் ஆபத்தில் இருப்பவற்றுக்கான தரம் அது. சட்டம் நேரடியாகத் தடுக்காவிட்டாலும், அந்தத் தரம் உள்ளவற்றைப் பெருந்திட்டங்களின் சுற்றுச்சூழல் ஆய்வில் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதற்கு முதலில் உருப்பெருக்கியோடு ஒருவர் புதருக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.