அறை மலிவு, ஏன் மலிவு என்று கேட்டீர்களா?

ஆண்டிறுதி விடுமுறையில் நண்பர்களோடு முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் மாணவர்களுக்கு வியட்னாமியத் தலைநகர் ஹனோய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரு நாட்டுக் கடப்பிதழ்தாரர்களும் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். சாப்பாடு மலிவு. அறையும் மலிவு.

இணையத்தில் தேடினால் பழைய வட்டாரத்தில் மட்டுமே வரிசை வரிசையாகச் சிறு தங்குவிடுதிகள் வரும். எல்லாவற்றின் பெயரிலும் ‘ஹோட்டல்’ என்று இருக்கும். போய் இறங்கினால், பல இடங்களில் அது ஒரு குடும்பத்தின் வீடாக இருக்கும். கீழே வரவேற்பு மேசை, அதன் பின்னால் சமையலறை, மேலே ஐந்தாறு மாடிகளில் மாடிக்கு இரண்டு அறை. வீட்டுத் தாத்தா தொலைக்காட்சி பார்க்கும் இடத்தைக் கடந்துதான் உங்கள் அறைக்குப் போக வேண்டும்.

பெரிய ஹோட்டல் கேட்கும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் இவர்கள் கேட்கிறார்கள். அது எப்படிக் கட்டுப்படியாகிறது? முன்பதிவுக்குப் பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. மலிவின் ஒரு பங்கு குடும்பத்தின் உழைப்பிலிருந்து வருகிறது. மறு பங்கு கட்டடத்திலிருந்து வருகிறது. முதல் பங்குக்கு நன்றி சொல்லலாம். இரண்டாவது பங்கை விழித்திருந்து பார்க்க வேண்டும்.

குழாய் போன்ற வீடு

ஹனோயின் பழைய வட்டாரத்துக்கு ‘36 தெருக்கள்’ என்றும் ஒரு பெயர் உண்டு. பல தெருக்களின் பெயர் ‘ஹாங்’ என்று தொடங்கும். அதற்குச் சரக்கு என்று பொருள். ஹாங் பாக் வெள்ளிச் சாமான்களின் தெரு. ஹாங் மா வழிபாட்டில் எரிக்கும் காகிதப் பொருள்களின் தெரு. முன்னால் கடை, பின்னால் பட்டறை, அதற்கும் பின்னால் குடியிருப்பு என்று ஒவ்வொரு குடும்பமும் வாழ்ந்தது. எல்லாருக்கும் தெருமுகப்பு தேவைப்பட்டதால் முகப்பு குறுகி, வீடு உள்நோக்கி நீண்டது. ஏறக்குறைய 3 மீட்டர் அகலத்தில் மிக நீளமாக ஓடும் வீடுகளும் உண்டு. இவற்றை வியட்னாமியர்கள் ‘நா ஓங்’, அதாவது குழாய் வீடு என்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனிலும் லிட்டில் இந்தியாவிலும் கடைவீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. மா மே தெருவில் 87ஆம் எண் வீட்டைப் பழைய வடிவத்திலேயே புதுப்பித்துப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். நீண்ட வீட்டின் நடுவே விட்டிருக்கும் முற்றங்கள் வெளிச்சத்தையும் காற்றையும் எப்படி உள்ளே கொண்டுவந்தன என்பதை அங்கே காணலாம்.

1986ல் வியட்னாம் ‘தொய் மொய்’ என்ற பொருளியல் சீர்திருத்தத்தைத் தொடங்கித் தனியார் தொழிலுக்கு வழிவிட்டது. 1994ல் அமெரிக்கா தனது வர்த்தகத் தடையை நீக்கியது. வெளிநாட்டுப் பயணிகள் பெருகினர். பழைய வட்டாரத்துக் குடும்பங்கள் தங்களிடம் இருந்த ஒரே முதலான வீட்டை மேல்நோக்கிக் கட்டத் தொடங்கின. அகலப்படுத்த இடமில்லை, உயர்த்த வானம் இருந்தது. முற்றம் இருந்த இடத்திலும் பல வீடுகளில் அறை எழும்பியது. இன்று நீங்கள் முன்பதிவு செய்யும் ‘சன்னல் இல்லாத அறை’ பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான் இருக்கும்.

விலையைக் குறைப்பது யார்?

சொந்த வீட்டில் நடத்தும் குடும்பத்துக்குக் கட்டட வாடகை கிடையாது. வீட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவோருக்கு அந்தச் சலுகை இல்லை. இரு தரப்புக்கும் பொதுவான சேமிப்பு ஆள்பலத்தில்தான். காலையில் முட்டையும் ரொட்டியும் தருபவர் வீட்டு அம்மா. வெந்நீர் வராவிட்டால் மேலே ஏறி வருபவர் அவருடைய தம்பி. ஆங்கிலத்தில் பதில் அனுப்புபவர் கல்லூரிக்குப் போகும் மகள். இங்கே வேலை நேரம் என்று தனியாக ஒன்றில்லை, கூடுதல் நேரச் சம்பளமும் இல்லை.

அப்படியும் நீங்கள் செலுத்தும் தொகை முழுவதும் அவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. முன்பதிவுத் தளங்கள் சுமார் 15 விழுக்காடோ அதற்கு மேலோ கழிவு பிடிக்கின்றன. ஓர் இரவுக்கு 500,000 டோங் என்று வைத்துக்கொண்டால், 75,000 டோங் தளத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் மின்சாரம், சலவை, காலை உணவு எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்தால், வரவேற்பு மேசையில் இருப்பவர் ஏன் உங்களிடம் ஹாலோங் விரிகுடா படகுப் பயணத்தையும் நின் பின் ஒருநாள் சுற்றுலாவையும் அவ்வளவு ஆர்வமாகப் பேசுகிறார் என்பது புரியும். அறையில் கிடைக்காத லாபம் சுற்றுலாச் சீட்டிலும் பேருந்துச் சீட்டிலும் கிலோ கணக்கில் துவைக்கும் துணியிலும் கிடைக்கிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை. எத்தனை மணி நேரப் பயணம், மதிய உணவும் நுழைவுச்சீட்டும் விலையில் அடங்குமா, எத்தனை பேர் கொண்ட குழு என்று கேளுங்கள். வேறு ஓர் இடத்திலும் விலை விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சிரித்த முகத்துடன் கூறலாம். விடுதியின் விலை நியாயமாக இருந்தால் அங்கேயே வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

முன்பதிவுக்கு முன்

முன்பக்க அறைக்குப் பால்கனி இருக்கும், அதோடு விடியற்காலை முதல் மோட்டார்சைக்கிள் ஒலியும் இருக்கும். உள் அறை அமைதியானது, ஆனால் வெளிச்சமும் காற்றும் குறைவு. மேல்மாடி அறையின் விலை குறைந்திருந்தால் மின்தூக்கி இல்லை என்று ஊகிக்கலாம். ஆறு மாடி ஏறக் கால் வலிக்கும் என்பவர்கள் முன்னதாகவே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

முகவரியை வீட்டு எண்ணோடும் தெருப் பெயரோடும் எழுதி வைத்திருங்கள். பேர் வாங்கிய விடுதியின் பெயரைத் தன் பலகையிலும் எழுதிக்கொள்வது ஹனோயில் பழைய கதை. ‘அந்த விடுதி மூடிவிட்டது’ என்று சொல்லி வேறிடத்தில் இறக்கிவிடும் வாடகைக் கார் ஓட்டுநர்களைப் பற்றியும் பயணிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நோய் பாய் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் 86ஆம் எண் பேருந்து ஓடுகிறது. இரவில் இறங்குபவர்கள் விடுதியிடமே கார் கேட்கலாம்.

போனதும் கடப்பிதழைக் கேட்பார்கள். வெளிநாட்டு விருந்தினரின் விவரங்களைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது வியட்னாமியச் சட்டம். பதிவு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பிப்ரவரியை ஒட்டிவரும் ‘தெட்’ புத்தாண்டின்போது பல குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போய்விடும். தீபாவளியன்று நம் வீட்டில் வேலை நடக்குமா என்று எண்ணிப் பார்த்தால் இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரே படிக்கட்டு

இனி அந்த இரண்டாவது பங்கு. ஹனோயில் இரவு பதினொன்று, பன்னிரண்டு மணிக்குப் பல சிறு விடுதிகள் இரும்புக் கதவை இழுத்து மூடிவிடும். தெருவில் நின்ற மோட்டார்சைக்கிள்கள் வரவேற்பறைக்குள் வந்துவிடும். இரவுக் காவலுக்கு இருப்பவர் அவற்றுக்குப் பக்கத்திலேயே மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார். திருட்டுப் பயம் இல்லை. ஆனால் மேலேயிருந்து இறங்கும் ஒரே படிக்கட்டும் அங்கேதான் வந்து முடிகிறது.

2023 செப்டம்பர் 12ஆம் தேதி இரவு, ஹனோயின் குறுகிய சந்து ஒன்றில் இருந்த பல மாடிக் குடியிருப்பில் தீப்பற்றியது. மோட்டார்சைக்கிள்கள் நிறுத்தியிருந்த தரைத்தளத்திலிருந்து தீயும் புகையும் மேலே ஏறின. தீயணைப்பு வண்டிகளால் சந்துக்குள் கட்டடம்வரை போக முடியவில்லை. 56 பேர் மாண்டனர். அது தங்குவிடுதி அன்று, குடியிருப்பு. ஆனால் ஒரே படிக்கட்டு, கீழே வண்டிகள், கம்பி போட்ட சன்னல்கள் என்ற அமைப்பு பழைய வட்டாரத்துக் குழாய் வீடுகளுக்கும் அந்நியமானதன்று.

ஆகவே பையை வைத்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மொட்டைமாடிக் கதவு வரை ஏறிப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம், எங்கே என்று கேளுங்கள். இரும்புக் கதவை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று காட்டச் சொல்லுங்கள். அறைச் சன்னலின் கம்பி திறக்கிறதா, தீயணைப்பான் எந்த மாடியில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே கூரையின் கீழ்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளும் தூங்குகிறார்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால், சில வெள்ளி போனாலும் பரவாயில்லை என்று வேறு இடம் பார்ப்பதே சரி.

அத்தை, சித்தப்பா ஊர்

வியட்னாமிய மொழியில் ஒருவரிடம் பேசத் தொடங்கும் முன் அவர் நமக்கு என்ன முறை என்று முடிவு செய்தாக வேண்டும். நமக்கு மூத்த ஆண் ‘அன்’, மூத்த பெண் ‘சீ’, இளையவர் ‘எம்’. அண்ணன், அக்கா, தம்பி தங்கை என்று நாம் அழைப்பதைப் போலத்தான். அப்பாவின் தம்பி ‘சூ’, அம்மாவின் சகோதரர் ‘கௌ’. ஆங்கிலத்தில் இருவரும் ‘அங்கிள்’ ஆகிவிடுவார்கள். சித்தப்பா வேறு, மாமா வேறு என்று வளர்ந்த நமக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விடுதி நடத்தும் நடுத்தர வயதுப் பெண்மணியைப் பெரும்பாலும் ‘கோ’ என்று அழைக்கலாம். அப்பாவின் சகோதரியைக் குறிக்கும் சொல் அது. நம் அத்தை. ‘காம் அன் கோ’, நன்றி அத்தை. இதைச் சொல்லிப் பழகினால் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

முறைப்பெயர் சொல்லி அழைத்தால் முறையோடு நடந்துகொள்ளவும் வேண்டும். வரவேற்பறைத் தரையை ஒட்டிச் சிறு சிவப்பு மாடத்தில் செல்வத் தெய்வத்துக்கு ஊதுவத்தியும் பழமும் வைத்திருப்பார்கள். அதன் மேல் பையைச் சாய்க்காதீர்கள். வாசலில் காலணிகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். இரவு தாமதமாகத் திரும்புவதாக இருந்தால் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். உங்களுக்காகக் கதவைத் திறக்கக் கட்டிலிலிருந்து ஒருவர் எழுந்து வரவேண்டும்.

ஒரு நட்சத்திரத்தின் எடை

2020 மார்ச்சில் கொவிட்-19 காரணமாக வியட்னாம் வெளிநாட்டுப் பயணிகளுக்கு எல்லையை மூடியது. முழுமையாகத் திறந்தது 2022 மார்ச் 15ல். இடைப்பட்ட காலத்தில் பழைய வட்டாரத்தில் பல சிறு விடுதிகள் கதவடைத்தன. சங்கிலித்தொடர் ஹோட்டல் ஒன்றை இழந்தால் நிறுவனத்துக்கு நட்டம். குடும்ப விடுதி மூடினால் வீட்டின் கடனும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து ஆட்டம் காணும்.

பத்துப் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதிக்கு இணையத்தில் நீங்கள் தரும் மதிப்பெண் பெரிய எடை உடையது. வெந்நீர் வரவில்லை என்றால் முதலில் கீழே இறங்கிச் சொல்லுங்கள். சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். மின்தூக்கி இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்ததற்காக நட்சத்திரத்தைக் குறைப்பது நியாயமன்று. அதே நேரத்தில் மொட்டைமாடிக் கதவு பூட்டியே கிடந்தது, சாவி கேட்டும் கிடைக்கவில்லை என்றால், அத்தை அன்பாகப் பேசினார் என்பதற்காக அதை மறைக்கவும் கூடாது. அடுத்து அந்த அறையில் படுக்கப்போகும் இன்னொரு மாணவர் உங்கள் வரிகளைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.