பச்சைச் சின்னம் இருந்தால் வீகனா? பர்கர் கடையில் எதைப் பார்க்கணும்?

ஆபிஸ் டீமோடு பர்கர் கடைக்குப் போறீங்க. பாலை விட்டு மூணு மாசம் ஆச்சு. மெனுவில் பச்சைச் சின்னம் இருக்கேன்னு உடனே ஆர்டர் பண்ணிடாதீங்க. அதற்குச் 'சைவம்' என்று மட்டும்தான் அர்த்தம். இந்திய விதிப்படி பால், வெண்ணெய், சீஸ், தேன் எல்லாமே சைவம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. பாக்கெட்டில் 'வீகன்' லோகோ இருந்தால் பிரச்சினை இல்லை. பர்கர் கடையில்?

அங்கே கைகொடுப்பது அலர்ஜி சார்ட். 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட வேண்டும், அலர்ஜி தரக்கூடிய பொருட்களையும் சொல்ல வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறை. அந்தப் பட்டியலில் பாலும் உண்டு. கடையின் இணையதளத்தில் தேடுங்க, இல்லாவிட்டால் கவுன்டரில் கேளுங்க.

உருளைக்கிழங்கு பேட்டியை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. நான் பார்த்தவரை மாட்டிவிடுவது பன்னும் சாஸும்தான். 'எக்லெஸ் மயோனைஸ்' என்றால் முட்டை இல்லை, அவ்வளவுதான். பால் பவுடர் இருக்கலாம். தேன் அலர்ஜி பட்டியலிலேயே கிடையாது, அதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

சார்ட்டில் 'பால்' என்று இருந்தால், எதில் என்று கேளுங்க. சாஸில் என்றால் அது இல்லாமல் தரச் சொல்லலாம். பன்னிலேயே என்றால் அந்த பர்கரை விட்டுடுங்க.