சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

கீரப்பாளையத்தில் இருந்து எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு கரையில்தான் போய் முட்ட வேண்டும். மேற்கே வீராணம் ஏரி, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே சிதம்பரத்தைத் தாண்டினால் பிச்சாவரம். நடுவில் பாசன வாய்க்கால், வடிகால் வாய்க்கால், குளம், குட்டை. ஐப்பசி அடைமழையில் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் முதலில் விசாரிக்கப்படுவது "எங்கே உடைப்பு?" என்பதுதான். 2018 ஆகஸ்ட்டில் மழையே இல்லாமல் அந்தக் கேள்வி வந்தது. மேட்டூரிலிருந்து திறந்த தண்ணீர் கொள்ளிடத்தில் பெருகி, அக்கரைஜெயங்கொண்டபட்டினம், பெராம்பட்டு, கீழகுண்டலபாடி கிராமங்களைச் சூழ்ந்துகொண்டது.

கரை போனால் சுவர் கட்டு என்பது நம் காலத்து வழக்கம். வாய்க்கால் ஓரத்து மனைக்காரர் மண்ணடித்து மேடாக்கி ஒரு தடுப்புச் சுவர் எழுப்புகிறார். ஊராட்சி குளத்துக்கு ஒரு சுவர். ஐந்தாறு மழைக்காலம் போனால் அதில் விரிசல், பிறகு வயிறு தள்ளல், ஒருநாள் முழு நீளமும் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடக்கும். "கலவை சரியில்லை" என்று கொத்தனாரைத் திட்டுவோம். பெரும்பாலும் கலவை மீது குற்றமில்லை.

இப்படிச் சுவர் விழும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வாய்க்கால் தளும்பி ஓடும்போது விழுவது குறைவு. தண்ணீர் வடிந்த மறுநாளோ, அதற்கும் மறுநாளோதான் சாயும். வாய்க்கால் நிறைந்திருக்கும்வரை முன்பக்கத்துத் தண்ணீர் சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. மதகை அடைத்ததும் முன்பக்கம் காலி. பின்பக்கத்து மண்ணோ ஊறிக் கிடக்கிறது. அதிலுள்ள தண்ணீர் வெளியேற வழியில்லை. 2 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்க நின்றால், அந்தத் தண்ணீர் மட்டும் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 2 டன் விசையுடன் தள்ளும். உயரம் 3 மீட்டர் ஆனால் அது நாலரை டன். மண்ணின் பாரம் தனிக் கணக்கு. அதிலும் இந்த வட்டாரத்துக் களிமண் சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பட்டதும் உப்பும். ஆண்டுக்கு ஒருமுறை சுவரை முன்னே தள்ளும் வேலையை அது தவறாமல் செய்கிறது.

தண்ணீர் வெளியேற 'வீப் ஹோல்' வைத்திருக்கிறோமே என்பார்கள். வைத்திருப்பார்கள்தான். பைப் துண்டை வெட்டிச் சுவரில் செருகி, அதன் பின்வாயிலேயே களிமண்ணைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். முதல் மழையிலேயே துளை அடைத்துக்கொள்ளும். பைப்புக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்காவது ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி என்று வைத்தால்தான் அந்தத் துளை துளையாக இருக்கும். செலவு கொஞ்சம்தான். ஆனால் மண்ணுக்குள் மறைந்துவிடும் வேலை என்பதால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இன்னொரு எமன் காலடியில் இருக்கிறான். ஓடும் தண்ணீர் வழவழப்பான சுவரில் மோதினால் வேகம் குறையாமல் கீழே இறங்கி அடிமண்ணைப் பறிக்கும். அஸ்திவாரம் அந்தரத்தில் தொங்க ஆரம்பித்த பிறகு மேலே எத்தனை கம்பி கட்டியிருந்து என்ன பயன்?

பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கரை. அதை நிமிர்ந்த சுவராக எழுப்பவில்லை, சாய்வான மண்கரையாகப் போட்டார்கள். ஏறி வரும் அலை சரிவில் தன் பலத்தைத் தொலைக்கும். உள்ளே ஊறிய தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியேறும். இடம் அதிகம் பிடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. சென்ட் கணக்கில் மனை விற்கும் காலத்தில் அது சின்னக் குறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நிமிர்ந்த சுவரின் மீது நமக்குள்ள மோகத்துக்குப் பாதிக் காரணம் மனை விலைதான்.

சாய்வுக்கு இடமில்லாத இடத்தில் என்ன செய்வது? கேபியன் என்கிறார்கள் பொறியாளர்கள். கம்பிவலைப் பெட்டிக்குள் கல்லை அடுக்கி, பெட்டிகளைப் படிபோல் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்வாங்கி வைப்பது. இத்தாலியில் 1890களில் ரெனோ ஆற்றங்கரையைக் காக்க மக்கஃபெரி நிறுவனம் கம்பிவலைச் சாக்குகளில் கல் நிரப்பிப் போட்டதிலிருந்து இதன் நவீன வரலாறு தொடங்குகிறது. இதற்கு வீப் ஹோல் தேவையில்லை, சுவர் முழுக்கத் துளைதான். அடிமண் கொஞ்சம் இறங்கினால் காங்கிரீட் வெடிக்கும். கம்பிவலை வளைந்துகொடுத்து இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். நாளடைவில் கல் இடுக்குகளில் வண்டல் சேரும், அதில் புல் முளைக்கும். அடுக்கும்போதே இடையிடையே மண் வைத்து, நொச்சிப் போத்துகளைப் பின்மண்ணைத் தொடும்படி செருகிவிட்டால் அந்த வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். கம்பி துருப்பிடிக்கும் காலத்தில் வேர்வலை பாதிப் பொறுப்பை ஏற்றிருக்கும்.

ஒரு சங்கடம், டெல்டாவில் கல் கிடையாது. வெளியூர்க் குவாரியிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். ஆகவே கேபியனைக் கரை முழுக்கக் கட்டுவது வீண். தண்ணீர் திரும்பி மோதும் வளைவுகளிலும் மதகுகளின் இரு பக்கமும் போதும்.

கடற்கரையில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் வந்தன. நம் கடலோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. அந்த ஓட்டம் மறிபட்டதும் ஊருக்கு முன்னாலிருந்த மணற்பரப்பு கரைந்தது. கருங்கல்லைக் கொட்டிக் கடலை நிறுத்தினார்கள். நகரம் தப்பியது, அரிப்பு வடக்கே நகர்ந்து மீனவக் கிராமங்களின் வாசலுக்குப் போனது. "எங்களுக்கும் தூண்டில் வளைவு போட்டுக் கொடுங்கள்" என்று ஒவ்வோர் ஊராகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது, வீட்டை இழப்பவர்கள் அவர்கள். ஆனால் கடலுக்குள் நீளும் அந்தக் கல்வளைவு ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த ஊரின் மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரியில் கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் மூழ்கிய ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை அமர்த்தியது. அலையின் வேகம் குறைந்து, காணாமல் போன மணலில் ஒரு பகுதி திரும்பியது. ஒடிசாவின் பெந்தா கிராமத்தில், சென்னை ஐஐடியின் வடிவமைப்பில், மணல் நிரப்பிய ராட்சதத் துணிக்குழாய்களை அடுக்கி 505 மீட்டர் கரை போட்டார்கள், 2016இல் முடிந்தது. கடலுக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பிச்சாவரம் அலையாத்திக் காடு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற உயிருள்ள கரை. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இந்தச் சதுப்பில் வளரும் மரம்தான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து காட்டைக் கூறு போட்டு மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் நிலம் உள்வாங்கிப் பள்ளமானது. அலையேற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக முடியாமல் காய்ந்து, உப்பு ஏறி, புதுக் கன்று பிழைக்க வழியில்லாமல் போயிற்று. நோயைக் கண்டுபிடித்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து, மீன் முள்போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டியது. தண்ணீர் வந்துபோக வழி கிடைத்ததும் வெண்கண்டல் வேர்பிடித்தது. காங்கிரீட் சுவருக்குப் பின்னால் நின்றதும், இங்கே பள்ளத்தில் நின்றதும் ஒரே வியாதி.

2004 சுனாமிக்குப் பிறகு, கடலூர் மாவட்டக் கடலோரத்தில் மரமடர்ந்த பகுதிகளுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு அதே முடிவைச் சொன்னார்கள். மறு ஆண்டே மறுப்பு வந்தது: அந்த ஊர்கள் தப்பியதற்குக் கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே போதிய காரணம் என்றார்கள் வேறு சிலர். அலையாத்திக் காடு சுனாமியை நிறுத்திவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்த மறுப்பையும் படிக்க வேண்டும். ஆனால் அன்றாட அலையும் ஓதமும் கழிமுகக் கரையைக் கரைப்பதை அந்த வேர்கள் தடுப்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

உப்பில்லாத கரைக்கு யார் காவல்? பதில் இதே மாவட்டத்தில்தான் விளைகிறது. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வெட்டிவேர் பயிராகிறது. தைலத்துக்கு, தட்டிக்கு, சாமிக்குச் சாற்றும் மாலைக்கு. ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ வளர்த்து, தோண்டி வேரை எடுத்துவிடுவார்கள். மண்ணைப் பிடிக்கும் வேர் மண்ணைவிட்டுப் போனால்தான் அதற்குக் காசு.

அந்த வேரைத் தோண்டாமல் விட்டால் என்ன ஆகும்? பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர்வரை போகும். 1990களில் மலேசியாவில் அளந்தபோது அதன் இழுவலிமை சாதாரண இரும்பில் ஆறில் ஒரு பங்கு என்று தெரிந்தது. மேலே தூர் அடர்ந்து வேலிபோல நிற்பதால் சரிவில் இறங்கும் தண்ணீர் தயங்கி, வண்டலை அங்கேயே விட்டுச் செல்கிறது. சில வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும். கர்நாடகத்து குண்டலுப்பேட்டை விவசாயிகள் வெகுகாலமாக இதை வரப்பு வேலியாக வைத்திருந்தார்கள். 1980களில் இந்தியாவில் பணியாற்றிய உலக வங்கி வல்லுநர்கள் இந்தப் புல்லைக் கையில் எடுத்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1990களில் இதை அரசுத் திட்டமாக்கினார். வியட்நாமின் ஹோ சி மின் நெடுஞ்சாலைச் சரிவுகளில் இன்று நிற்பது நம் ஊர் மாலைப்பூக்காரர் விற்கும் அதே புல். இங்கேயோ வாய்க்கால் கரைகளை நெய்வேலிக் காட்டாமணக்குக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம்.

இதற்கும் எல்லை உண்டு. எப்போதும் தண்ணீருக்கடியில் கிடக்கும் அடிப்பகுதியை இது காக்காது. அங்கே கல்லோ மணல் நிரப்பிய துணிப்பையோ வேண்டும். நிழலில் செத்துப்போகும், ஆகவே சீமைக் கருவேலத்துக்குக் கீழே நடுவது வீண். கடல் உப்பும் ஆகாது. வட இந்திய வகைகள் விதைவிட்டுப் பரவக்கூடியவை, தென்னிந்திய விதையில்லா வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வேருக்கு விலை இருப்பதால் திருட்டுப் பயமும் உண்டு. மணலில் அது நிஜமான பயம். கீரப்பாளையத்துக் களிமண்ணில் தோண்டும் கூலி வேரின் விலையைத் தின்றுவிடும்.

காங்கிரீட்டை டேப் பிடித்து அளந்து, கன மீட்டர் போட்டு, அளவுப் புத்தகத்தில் எழுதி, அந்த மாதமே பில் போடலாம். புல்லின் வேலை தெரிய இரண்டு மழைக்காலம் ஆகும். நட்ட முதல் ஆறு மாதம் தண்ணீர் ஊற்றவும் ஆடு மேயாமல் பார்க்கவும் செத்த நாற்றுக்கு மாற்று வைக்கவும் ஆள் வேண்டும். அதற்கு மதிப்பீட்டில் ஒரு வரி இருப்பது அபூர்வம். சுவர் கட்டும் தொகையில் ஒரு சிறு பங்கைப் பராமரிப்புக் கூலி என்று தனியே எழுதி வைத்தால், ஊரிலேயே நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் இதைச் செய்துவிடுவார்கள். நாற்றங்காலும் கன்று பாவுவதும் அவர்களுக்குப் பழகிய தொழில்.

நடும் முறை எளிது. நொச்சிக்காட்டில் வேரை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் தூரைப் பிரித்தால் நாற்று. இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, கரையின் சரிவுக்குக் குறுக்கே, தண்ணீர்மட்டத்தை ஒட்டி முதல் வரிசை. நாற்றுக்கு நாற்று நான்கு விரற்கடை முதல் ஒரு சாணுக்குள். மேலே ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசை. நெருக்கம்தான் முக்கியம், நடுவில் ஒரு நாற்று செத்து இடைவெளி விழுந்தால் தண்ணீர் அந்த வழியைத்தான் தேடும். வீட்டு மனை ஓரம் சுவர்தான் வேண்டும் என்பவர்கள் சுவரை இடுப்பளவோடு நிறுத்தி, அதற்கு மேல் மண்ணைச் சாய்த்து, அந்தச் சாய்வில் இரண்டு வரிசை வைக்கலாம். தலையளவு உயரத்துக்குச் சுவர் எழுப்புவதாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் கடைக்கால் தோண்டாதீர்கள்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வரும்போது நட்டால் ஐப்பசி மழைக்குள் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும். புரட்டாசி பிறந்த பிறகு நடுவதாக இருந்தால் அந்த ஆண்டை விட்டுவிட்டு, நாற்றைக் கொல்லைப் பக்கம் பதியம் வைத்துக்கொள்வது நல்லது.