கல்மண்டபம் டு கற்காலம்: சைக்கிளிலேயே போகலாம், தெரியுமா?

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிள் எதற்கு? கல்மண்டபத்தில் பட்டை டயர் போட்ட கியர் சைக்கிளை டீக்கடை வாசலில் சாய்த்து வைத்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. வடசென்னைக்காரர்கள் தினமும் பார்க்கிற ஒரே மலை கொடுங்கையூர் குப்பை மலை! ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டு மீன் வண்டிகள் ரோடெல்லாம் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டு போகிற விடியற்காலையில் இங்கிருந்து மிதிக்க ஆரம்பித்தால், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பதினைந்து லட்சம் ஆண்டு பின்னால் போய் நின்றுவிடலாம். தெரியுமா? கால இயந்திரமெல்லாம் வேண்டாம். கூடவே ஓர் ஆறு வந்தால் போதும்.

அந்த ஆறு கொசஸ்தலை. கொற்றலை என்றும் சொல்வார்கள். எண்ணூரில், அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகளுக்குக் கீழே, சாம்பல் படிந்து கடலில் கலக்கிறதே, அதேதான். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோமே, அந்தத் தண்ணீர்தான். இதன் கரைப் பக்கம், மேலே பூண்டிக்கு அருகில், இந்தியாவின் மிகப் பழமையான மனிதக் கைவேலைகளில் ஒன்று மண்ணுக்குள் கிடந்தது! கீழே கண்டெய்னர், மேலே கைக்கோடரி. நடுவில் ஒரே ஆறு.

அவசரப்படாமல் கல்மண்டபத்திலேயே ஆரம்பிப்போம். கூப்பிடு தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை போனது. அன்றைக்கே இன்னொரு வண்டி திருவள்ளூருக்கும் போனது. பம்பாயும் ஹவுராவும் தங்கள் முதல் நிலையங்களை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டன. நாம் சும்மா விட்டுவிட்டதால், இந்தியாவில் இன்னும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்கு! அலட்சியமும் சில நேரம் நல்லது செய்யும்போல. அந்தத் திருவள்ளூர் வண்டியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வந்தாயிற்றா? உங்கள் சக்கரத்துக்கும் இந்தச் சாலைக்கும் சொந்தம் உண்டு. 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்த பலூன் கொட்டகைதான் வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் ஆனது! 1950-களில் இதே திருவொற்றியூரில் இந்தியப் புல்லட் பிறந்தது. அந்தப் புல்லட்டின் தாய்வீடு எது தெரியுமா? இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி. பெயரிலேயே சைக்கிள்! அந்தப் பக்கம் அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துவிட்டது. நம் அப்பாக்கள் கேரியரில் அரிசி மூட்டை வைத்து மிதித்த ஹெர்குலிஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

வழியிலேயே தியாகராஜ சுவாமி கோயில். சைக்கிளைப் பூட்டிவிட்டு ஆதிபுரீசுவரர் சந்நிதியைச் சுற்றி வந்து பாருங்கள். கருவறையின் பின்புறம் மூலை இல்லாமல், படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது அதற்குப் பெயர். ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கருங்கல்லில் எழுப்பியவர் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: இரவி என்ற வீரசோழத் தச்சன். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ராஜா பெயரோடு மேஸ்திரி பெயரும்! இன்றைக்குத் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் யார் யார் பெயர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணூர் வரை டிரெய்லர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பி வல்லூர் அணைக்கட்டைத் தாண்டினால் காட்சி மாறிவிடும். காரனோடைப் பாலம், தாமரைப்பாக்கம் அணைக்கட்டு என்று ஆற்றை விட்டும் பிடித்தும் போகிற வழி. சில இடத்தில் தார், சில இடத்தில் கரைமேல் வெறும் மண். பனைமரம், செங்கல் சூளை, எருமை முதுகில் கொக்கு. உலகமெங்கும் மலை சைக்கிள்காரர்கள் உயிரை விடுவது 'சிங்கிள் டிராக்' என்ற குறுகலான மண் தடத்துக்காகத்தான். நம் பாட்டிகள் அதை ஒற்றையடிப் பாதை என்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்!

மலை சைக்கிள் பிறந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி இளைஞர்கள், பேப்பர் பையன்கள் ஓட்டித் தள்ளிய பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய்க் கீழே விட்டார்கள். இறங்குகிற வேகத்தில் பின்சக்கர பிரேக்குக்குள் இருக்கும் கிரீஸ் காய்ந்து புகையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976-ல் ஆரம்பித்த அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். இருபதே ஆண்டில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டு! இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு, மழையில் வழுக்கும் ஏரிக்கரையில் ஒரு சொட்டு சிந்தாமல் ஓட்டுகிற நம் பால்காரருக்கு யாரும் பதக்கம் தரவில்லை.

பூண்டி. நம் குழாயில் வரும் தண்ணீரின் முக்கியமான வீடு. சென்னையின் மேயராக இருந்து இந்த நீர்த்தேக்கத்துக்காகப் போராடிய சத்தியமூர்த்தி, 1944-ல் அது முடிந்தபோது உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். பெயர் மட்டும் சத்தியமூர்த்தி சாகர் என்று நிற்கிறது.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது நிலவியலாளர், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதன் செதுக்கிய கல்! இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி. செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு இந்தப் பக்கம் வந்தார், அதிரம்பாக்கத்தில் கருவிகள் குவியலாகக் கிடந்தன. உலகத் தொல்லியல் புத்தகங்களில் இதற்கு 'மெட்ராஸ் கைக்கோடரி மரபு' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஃபூட்டின் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே உற்றுப் பாருங்கள். உள்ளங்கை அகலம், நீர்த்துளி வடிவம், ஒரு பக்கம் கையில் அடங்கும் உருட்டு, மறுபக்கம் கூர். விளிம்பு நெடுக சங்குபோல் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் அடி!

வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதுதான் இன்னும் அதிசயம். விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள், தரைமேல் கிடக்கும் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அபூர்வ அணுக்களைத் துளித்துளியாக உண்டாக்கும். கல் மண்ணுக்குள் புதைந்ததும் கதிர் நின்றுவிடும். சேர்ந்த அணுக்கள், ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும், சிதைய ஆரம்பிக்கும். இரண்டும் எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், எப்போது புதைந்தது என்று கல்லே சொல்லிவிடும்! 1999-லிருந்து அதிரம்பாக்கத்தில் அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்கு: குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு. நம்முடைய ஹோமோ சேப்பியன்ஸ் இனம் அப்போது பிறக்கவே இல்லை. செதுக்கியது நம் தாத்தாக்கள் அல்ல, அவர்களுக்கும் முந்தைய வேறொரு மனித இனம்.

அவர்களுக்குக் கல் எங்கிருந்து வந்தது? பக்கத்து அல்லிக்குழி மலையிலிருந்து. மலை என்றால் நிமிர்ந்து பார்க்கும் மலையல்ல, முள்காடு போர்த்திய மேடு. அங்கேதான் கூடியம் குகைகள். காப்புக்காடு, அதனால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஊர் முடிகிற இடத்திலிருந்து களா, காரை, சூரை என்று கையைக் கீறும் புதர்களுக்கு நடுவே செம்மண் தடம். முன்சக்கரம் ஒரு கூழாங்கல்லில் ஏறி அடுத்ததில் வழுக்கும். தலையில் கொட்டினாற்போல உறைக்கும்: இந்தக் கூழாங்கற்கள்தான் அந்தக் கைக்கோடரிகளின் மூலப்பொருள்! குகையை அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் அதே உருண்டைக் கற்கள், பாயசத்தில் முந்திரி மாதிரி பதிந்திருக்கும். ஏதோ ஒரு பழங்கால வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்து இறுக்கிய பாறை. சத்தம் மட்டும் போடாதீர்கள். மேலே மலைத்தேனீக்களின் கூடுகள் தொங்கும்.

திரும்பும்போது எனக்குப் பின் டயர் இறங்கியது. பம்பு வீட்டில். வெயிலில் தள்ளிக்கொண்டே வந்து ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்கார அண்ணன் ட்யூபை உருவி, காற்றடித்து, கலங்கல் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றினார். ஓரிடத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக எழும்பின. உப்புத்தாளால் தேய்த்தார், சொலூஷன் தடவினார், ஊதினார், ஒட்டினார். உடனே மாட்டவில்லை. டயருக்குள் விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்று தடவி, முறிந்த கருவேல முள் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உள்ளயே இருந்தா நீங்க எத்தினி ஒட்டு போட்டாலும் நிக்காது தம்பி. எந்த ஊரு?"

"கல்மண்டபம்ணே. ராயபுரம்."

"சைக்கிள்லயேவா வந்தீங்க?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "திருவள்ளூர்ல இருந்து அந்தப் பக்கம் ரயிலு இருக்குதே, தெரியுமா?"