வார்டுக்குள் வர வேண்டிய மருந்தாளுநர்

உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளில் பலர் இரண்டு இடத்து மாத்திரைகளை ஒரே பையில் வைத்திருப்பார்கள். ஒன்று, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்த மெட்ஃபார்மின். இன்னொன்று, தனியார் கிளினிக்கில் எழுதிக்கொடுத்த கூட்டு மாத்திரை. அதற்குள் கிளிமிபிரைடோடு அதே மெட்ஃபார்மினும் இருக்கும். அட்டையும் பெயரும் வேறு என்பதால் இரண்டையும் விழுங்கிவிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதான முதியவருக்கு இது உயிரோடு விளையாடும் காரியம். மருத்துவர் கவனிக்க மாட்டாரா என்றால், அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? இந்தியாவில் ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் ஒதுக்க முடிவது சுமார் இரண்டு நிமிடம் என்று 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சொல்கிறது. மருந்து கொடுக்கும் ஜன்னலிலோ வரிசை நகர்ந்தாக வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2008-இல் இந்திய மருந்தியல் கவுன்சில் ஃபார்ம்.டி படிப்பைக் கொண்டுவந்தது. ஐந்தாண்டு படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. மதுரையில் கே.எம். மருந்தியல் கல்லூரியிலும் அல்ட்ரா மருந்தியல் கல்லூரியிலும் இப்படிப்பு நடக்கிறது. நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிக்கவும், மருந்துக்கு மருந்து ஏற்படும் முரணைப் பிடிக்கவும், சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் கணக்கிடவும் பயின்றவர்கள் இவர்கள். ஆனால் பயிற்சி முடிந்ததும் வார்டில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அரசு மருத்துவமனையின் மருந்தாளுநர் பணிக்கு இரண்டாண்டு டிப்ளமோவே போதும். ஆறு ஆண்டு படித்தவரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். எனவே பலர் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நிறுவனங்களில் பக்கவிளைவு அறிக்கைகளைக் கணினியில் பதியவும், மெடிக்கல் கோடிங் செய்யவும் போய்விடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் மதுரை வார்டில் கற்ற கண், மதுரை நோயாளிக்குப் பயன்படாமல் போகிறது.

மருந்தாளுநர் வார்டுக்கு வந்தால் மருத்துவரோடு உரசல்தான் மிஞ்சும் என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் காலை ரவுண்ட்ஸில் ஒரு மருந்தாளுநரும் சேர்ந்துகொண்டார். மருந்து எழுதுவதில் நேரும் தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 66 விழுக்காடு குறைந்தன. அவர் சொன்ன 366 ஆலோசனைகளில் 362-ஐ மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பிரிவில் நடந்த பழைய ஆய்வு என்று தள்ளலாம். ஆனால் தவறு எழுதப்படும் நொடியிலேயே இன்னொரு கண் பார்த்துவிடுகிறது என்ற அடிப்படை பாஸ்டனுக்கு மட்டும் உரியதல்ல. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையே செயலிழந்துவிடும். டிஸ்சார்ஜ் நாளில், “திங்கட்கிழமை மட்டும்தாம்மா இது, மத்த நாள் தொடக்கூடாது” என்று உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் இருந்தால் தவிர்க்கக்கூடிய சாவு அது.

செலவு என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. எல்லா வார்டுக்கும் ஒரே நாளில் ஆள் போட முடியாது. ஆனால் மருந்தால் வந்த பாதிப்புக்காகவே மீண்டும் சேர்க்கப்படும் நோயாளியின் படுக்கையும், டயாலிசிஸும், ரத்தமும் அரசின் செலவுதானே? படித்தவர்களுக்கு அனுபவம் போதாது என்பதும் உண்மைதான். பணியிடமே இல்லாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு விளக்குவதும் மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி விதிமுறைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. அந்தக் கடமைக்குச் சம்பளப் பட்டியலில் தனிப் பணியிடம் வேண்டும். தேனி முதல் ராமநாதபுரம் வரை நோயாளிகள் வந்து சேரும் ராஜாஜி மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவர், சிறுநீரகப் பிரிவுக்கு ஒருவர், டிஸ்சார்ஜ் மேசைக்கு ஒருவர் என்று தொடங்கலாம். வீடு திரும்பும் நோயாளியின் பையை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவர் அந்த மூன்றாமவர்.